பழைய வீட்டுக் கழிப்பறையில் உயரமான கமோட்: எவ்வளவு உயரம் வேண்டும், எப்படிப் பொருத்துவது?

கிணற்றடி (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தாத்தா கட்டிய பழைய ஓட்டு வீட்டில் அம்மாவுடன் வசிக்கிறேன். அம்மாவுக்கு வயது 74. சென்ற ஆவணியில் இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நடை நன்றாகத் தேறிவிட்டது. மாலையில் கோயிலுக்குக்கூடத் தனியாகப் போய் வருகிறார். கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. ஒரு கையால் தண்ணீர்க் குழாயையும் மறு கையால் கதவுத் தாழ்ப்பாளையும் பற்றிக்கொண்டு எழுகிறார். போன வாரம் அந்தக் குழாய் சுவரோடு ஆடுவதைப் பார்த்த பிறகு, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கழிப்பறை கொல்லையில், கிணற்றடியை ஒட்டி இருக்கிறது. அகலம் 3 அடி 3 அங்குலம், நீளம் 5 அடி. சுவர் 9 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரையில் கட்டியது. முதலில் குத்தவைத்து உட்காரும் பீங்கான்தான் இருந்தது. அதற்காக அறையின் தரை முழுவதையும் மேடையாக உயர்த்தி, வாசலில் ஒரு படி வைத்திருந்தார்கள். 1996-இல் பாட்டிக்கு முடியாமல் போனபோது அப்பா அந்தப் பீங்கானை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மேடைமேலேயே வெஸ்டர்ன் கமோட் ஒன்றை வைத்தார். 2012-இல் பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே கலவை போட்டு வழுக்காத டைல்ஸ் ஒட்டினோம். அப்போது கமோடைக் கழற்றவில்லை. அதன் அடிப்பாகத்தைச் சுற்றி டைல்ஸை வெட்டி ஒட்டிவிட்டார்கள். கதவு உள்பக்கமாகத் திறக்கும். செப்டிக் டேங்க் கொல்லையின் கடைசியில் இருக்கிறது.

ஊரில் ஒரு கடையில் விசாரித்தபோது, முதியவர்களுக்கு என்றே இருக்கையோடு சேர்த்து 19 அங்குல உயரமுள்ள கமோட் வருகிறது, அதைத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். எங்கள் பிளம்பரோ, புதிதாக எதுவும் வேண்டாம், இருப்பதையே தூக்கி அடியில் சிமெண்ட் மேடை கட்டித் தருகிறேன் என்கிறார். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் சுவரில் தொங்கும் வகையைச் சிபாரிசு செய்கிறான். இந்த மூன்றில் எது சரி? இன்னொரு சிறு குறையும் உண்டு. ஃபிளஷை ஒருமுறை அழுத்தினால் தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்று, பிறகு குபுகுபுவென்று ஓசையோடு மெல்ல இறங்குகிறது. பெரும்பாலும் இரண்டாம் முறை ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அடைப்பு எதுவும் இல்லை என்று பிளம்பர் சொல்லிவிட்டார்.

இயன்முறையாளர் (கோவை):

ஐயா, கடைக்குப் போவதற்கு முன்பு அம்மாவின் காலை அளந்து பாருங்கள். அவரை நேரான நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் இரண்டும் தரையில் முழுவதும் படிந்திருக்கும்போது, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை எத்தனை செண்டிமீட்டர் என்று எடுங்கள். கழிப்பறைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால் செருப்போடு அளக்க வேண்டும். இருக்கையின் மேற்பரப்பு அந்த அளவுக்குச் சமமாகவோ, அதைவிட நான்கைந்து செண்டிமீட்டர் கூடுதலாகவோ இருந்தால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு எழுவது எளிதாக இருக்கும். அதற்குக் கீழே போனால் முழங்காலை அதிகம் மடக்க வேண்டியிருக்கும். தொடைத் தசைக்கு வேலை கூடும். கை தானாகவே எதையாவது பற்றத் தேடும்.

19 அங்குலம் என்பது 48 செண்டிமீட்டர். அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வகுத்த தரத்தில், பொது இடங்களில் அவர்களுக்கான கழிப்பறை இருக்கை 17 முதல் 19 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்று உள்ளது. சக்கர நாற்காலியின் இருக்கையும் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்து அமர அது வசதி. நம் ஊரில் ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள பாட்டிமார்களை அந்த உயரத்தில் உட்காரவைத்தால் குதிகால் தரையில் பதியாது. தொடையின் அடிப்பகுதி விளிம்பில் அழுந்திக் கால் மரத்துப்போகும். கால் தொங்கும் நிலையில் முக்குவதற்குப் பிடிமானம் கிடைக்காமல் மலச்சிக்கலும் கூடும். பிறகு காலடியில் ஒரு முக்காலி வைப்பார்கள். இரவில் அதுவே காலை இடறிவிடும். இப்படி வந்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அளவுநாடா சொல்வதை இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். வீட்டில் எந்த இருக்கையிலிருந்து அம்மா கையை ஊன்றாமல் எழுகிறார் என்று இரண்டு நாள் கவனியுங்கள். கட்டில், ஊஞ்சல், சாப்பாட்டு மேசை நாற்காலி என்று ஒவ்வொன்றும் ஓர் உயரத்தில் இருக்கும். அவருடைய கால் தானே தேர்ந்தெடுத்த அந்த உயரம்தான் உங்களுக்கு வேண்டியது.

பழைய முறை எழுதியது:

குத்தவைத்து உட்காருவதே குடலுக்கு நல்லது என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். கமோட் வந்த பிறகுதான் மூட்டுவலியும் வந்தது என்பது என் கருத்து. மேலே கால் வைத்தும் உட்காரலாம், சாதாரணமாகவும் உட்காரலாம் என்ற ஆங்கிலோ-இந்தியன் வகைப் பீங்கானை ஏன் யாரும் சொல்லவில்லை?

இயன்முறையாளர் (கோவை):

ஐயா, குந்தி உட்காருவதன் பயனை நான் மறுக்கவில்லை. முடிகிறவர்கள் தாராளமாகத் தொடரலாம். மூட்டு மாற்றிய முழங்காலுக்கு அது ஆகாது. ஆங்கிலோ-இந்தியன் வகையில் பாதம் வைப்பதற்காக அகலமான, சொரசொரப்பான விளிம்பு இருக்கும். அதன்மேல் உட்காருகிற வயதானவர்களுக்கு அது உறுத்தும். இரண்டு வேலையும் செய்யும் என்று சொல்லி விற்கப்படுகிற அந்தப் பொருள் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்கிறது.

காரைவீடு (ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி):

உங்கள் கேள்வியிலேயே விடையில் பாதி இருக்கிறது. 2012-இல் கமோடைக் கழற்றாமல் சுற்றிலும் டைல்ஸ் ஒட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். கலவையும் டைல்ஸுமாகச் சேர்ந்து தரை குறைந்தது இரண்டு அங்குலம் ஏறியிருக்கும். அப்படியென்றால் கமோட் இரண்டு அங்குலம் புதைந்துவிட்டது என்று பொருள். தெரு மட்டம் உயர உயரப் பழைய வீட்டுத் திண்ணைகள் குள்ளமாகிப் போவதைப் போலத்தான். அதே டைல்ஸ் வாசல் படியையும் இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கும். அம்மா இப்போது அதிக உயரம் ஏறி, அதிகத் தாழ்வில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். இரண்டு அளவையும் எடுத்து எழுதுங்கள்.

அடுத்து, ஃபிளஷ். தண்ணீர் ஏறி நின்று, ஓசையோடு இறங்குகிறது, ஆனால் அடைப்பு இல்லை என்றால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். குத்தவைக்கும் பீங்கானுக்கு நாற்றம் மேலே வராமல் தடுக்கும் தண்ணீர் மடை தனியாக, மேடைக்குள் புதைந்த வளைகுழாயாக இருக்கும். அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் மேடையே கட்டினார்கள். வெஸ்டர்ன் கமோடில் அந்த வளைவு பீங்கானுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். 1996-இல் பீங்கானை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் இருந்த பழைய வளைகுழாயை அப்படியே விட்டு, அதன்மேல் கமோடை உட்காரவைத்திருப்பார்கள். இப்போது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மடைகள். நடுவில் காற்று மாட்டிக்கொள்வதால் தண்ணீருக்கு இழுக்கும் வேகம் கிடைக்காது. காற்று குமிழியிட்டு வெளியேறிய பிறகே இறங்கும். நான் பணியில் இருந்த காலத்தில் இந்தத் தவற்றை எத்தனை வீடுகளில் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. பிளம்பர் கம்பி விட்டுப் பார்த்திருப்பார், அடைப்பு இருந்திருக்காது. அவர் சொன்னது பொய்யில்லை.

ஆகவே இருப்பதைத் தூக்கி அடியில் சிமெண்ட் மேடை கட்டுவது, குறையைப் பத்திரமாகப் புதைத்து வைப்பதாகத்தான் முடியும். நான் சொல்லும் வழி இது. மேடையை உடைத்துத் தரையைத் தாழ்த்துங்கள். பழைய வளைகுழாயையும் அதிலிருந்து போகும் சிமெண்ட் பூசிய பீங்கான்மண் குழாயையும் எடுத்துவிடுங்கள். அந்தக் குழாய் இத்தனை வருடத்தில் இணைப்புகளில் எங்காவது விரிந்திருக்கும். புதிய கமோடை, கழிவு பின்பக்கமாகச் சுவர்வழியே வெளியேறும் பி-டிராப் வகையாக வாங்குங்கள். உங்கள் பின்சுவருக்கு அப்பால் கொல்லைதானே? சுவரில் துளையிட்டு, 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை வெளியே எடுத்து, அங்கேயே கீழே இறக்கி, ஆய்வுத்தொட்டியில் (குழாயைத் திறந்து பார்ப்பதற்கான மூடியுள்ள சிறு தொட்டி) சேர்த்துவிடலாம். தொட்டிக்குப் போகும் படுக்கைக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற சாய்வு வேண்டும், அதாவது 40 அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம். செங்குத்துக் குழாயின் தலையில் காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல்வரை கொண்டுபோங்கள். இனி அடைத்தாலும் தரையை உடைக்காமல் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

பி-டிராப் கமோடில் வெளியேறும் துளையின் நடு, தரை முடிவிலிருந்து பெரும்பாலும் 18 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். டைல்ஸ் ஒட்டி முடித்த தரை என்பதைக் கவனியுங்கள். கமோடின் அடியில் கிரானைட் பலகை வைத்து உயர்த்துவதாக இருந்தால் துளையும் அதே அளவு உயர வேண்டும். உயரத்தை முடிவு செய்யாமல் சுவரில் கை வைக்கக் கூடாது.

மேடையை எவ்வளவு தாழ்த்தலாம் என்பதை மழைதான் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் கொல்லையில் தண்ணீர் தேங்குமா? செப்டிக் டேங்க் நிரம்பி எதிர்த்து வருமா? காவிரிப்படுகையில் இதைக் கேட்காமல் தரையைத் தாழ்த்தச் சொல்லக் கூடாது.

சுவரில் தொங்கும் வகையில் எந்த உயரம் வேண்டுமோ அந்த உயரத்தில் பொருத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் சுண்ணாம்புக் காரைச் சுவரில் போல்ட்டை நம்பி ஓர் ஆளின் எடையைத் தொங்கவிட எனக்கு மனம் வராது. தரையில் நிற்கும் இரும்புச் சட்டம் வைத்துச் செய்யலாம். அதை மறைக்கச் சுவர் கட்டினால் ஐந்தடி நீளத்தில் இன்னும் கொஞ்சம் போய்விடும். சுவருக்குள் மறைந்திருக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு வாஷர் போனால் அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் அருகில் இருக்கிறாரா என்பதையும் யோசியுங்கள்.

கிணற்றடி (கும்பகோணம்):

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்தேன். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். முழங்கால் பின்மடிப்பிலிருந்து தரைவரை 38 செண்டிமீட்டர். இப்போதைய கமோடின் இருக்கை, டைல்ஸ் மட்டத்திலிருந்து வெறும் 36 செண்டிமீட்டர்தான். கதவருகே தளர்ந்திருந்த ஒரு டைல்ஸை நெம்பிப் பார்த்ததில், பழைய தரை சரியாக 5 செண்டிமீட்டர் கீழே இருக்கிறது. வாசல் படி 23 செண்டிமீட்டர், அதாவது 9 அங்குலம். தினமும் அதில் ஏறி இறங்குகிற எனக்கு அது தோன்றவே இல்லை.

வீட்டில் அம்மா எதிலிருந்து சுலபமாக எழுகிறார் என்று கவனித்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலி 45 செண்டிமீட்டர். அதில் உட்கார்ந்ததும் குதிகாலை உயர்த்திக்கொள்கிறார். காலையில் கீரைக்காரம்மா வரும்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசுவார். மடியில் கீரைக்கட்டை வைத்துக்கொண்டு, கை ஊன்றாமலேயே எழுந்து உள்ளே வந்துவிடுகிறார். அந்தத் திண்ணையின் உயரம் 42 செண்டிமீட்டர்.

கார்த்திகை மழையில் கொல்லையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அரை நாளில் வடிந்துவிடும். டேங்க் எதிர்த்து வந்ததில்லை.

காரைவீடு (திருச்சி):

42 செண்டிமீட்டர் என்றால் உங்களுக்குத் தனி உயரக் கமோடே தேவையில்லை. சாதாரணக் கமோட் பலவற்றிலும் பீங்கான் விளிம்பு 39, 40 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இருக்கை சேர்ந்தால் 42 ஆகிவிடும். கடையில் அட்டையில் போட்டிருக்கும் உயரம் பீங்கானுக்கு மட்டுமா, இருக்கையோடு சேர்த்தா என்று கேட்டு, நீங்களே நாடா பிடித்துப் பாருங்கள். பீங்கானின் முழு நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். தொட்டியோடு சேர்த்து 70 செண்டிமீட்டருக்குள் இருந்தால்தான் முன்னால் திரும்பி நிற்க இடம் இருக்கும். அகலத்தில் நடுவில் வைத்தால் கமோடின் நடுக்கோட்டிலிருந்து இருபுறச் சுவர்வரை ஒன்றரை அடிக்கு மேல் கிடைக்கும், அது போதும்.

தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும் என்பதால் தரையை முழுவதும் தாழ்த்த வேண்டாம். படி 10 செண்டிமீட்டர், அதாவது நான்கு அங்குலம் இருக்கும்படி விடுங்கள்.

கமோடைப் பதிக்கும்போது அடியில் வெள்ளைச் சிமெண்டை அப்ப விடாதீர்கள். பிளாஸ்டிக் உறையிட்ட திருகாணியால் தரையில் இறுக்கி, விளிம்பில் சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். சிமெண்ட் வைத்தால் பின்னொரு நாள் கழற்றும்போது பீங்கான் உடையும். 2012-இல் உங்கள் ஆட்கள் கமோடைத் தொடப் பயந்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும்.

மாடிவீட்டுக்காரி (மதுரை):

சகோதரருக்கு வணக்கம். என் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் மாற்றியபோது நாங்களும் இதே அலைச்சல் பட்டோம், அதனால் இரண்டு விஷயங்களைச் சொல்லத் தோன்றுகிறது.

வேலை நடக்கும் நாட்களில் அம்மா எங்கே போவார் என்பதை முதலில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மேடை உடைத்து, குழாய் மாற்றி, டைல்ஸ் காய்ந்து முடிய ஒரு வாரத்துக்குக் குறையாது. சர்ஜிக்கல் கடைகளில் மடக்கக்கூடிய கமோட் நாற்காலி கிடைக்கும். காலில் துளைகள் இருப்பதால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கமோடின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உயர்த்தியும் அங்கேயே விற்பார்கள். நாங்கள் முதலில் அதைத்தான் வாங்கினோம். பக்கவாட்டில் சாய்ந்து கழுவும்போது அது நகர்ந்துகொடுத்து, மாமியார் சுவரில் இடித்துக்கொண்டார். அதன்பிறகு நாற்காலியைத்தான் கமோடுக்கு மேலே நிறுத்தி, அடிப்பாத்திரத்தை எடுத்துவிட்டுப் பயன்படுத்தினோம். அதற்குக் கைப்பிடியும் இருந்ததால் பயமில்லாமல் போயிற்று.

கைப்பிடியைப் பற்றி யாரும் எழுதவில்லை. துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அது திருகாணியோடு கையில் வந்துவிட்டது. கைப்பிடி என்றே விற்கும் தடித்த எஃகுக் குழாயை வாங்குங்கள். உயரத்தையும் பிளம்பர் இஷ்டத்துக்கு விடாமல், அம்மாவை இருக்கையில் உட்காரவைத்து, எழும்போது கை இயல்பாக எங்கே போகிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பீச்சும் ஹெல்த் ஃபாஸெட்டை வலப்புறம் வையுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இடது கையால் கழுவுகிறவர்கள், வலது கைதான் குழாயைப் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இடப்புறம் வைத்துவிட்டு, குழாயை மடிமேல் குறுக்கே இழுத்து, புடவை முழுவதும் நனைந்ததுதான் மிச்சம்.

காரைவீடு (திருச்சி):

அம்மணி சொன்னது மிகவும் சரி. கைப்பிடிக்கு ஒரு திருத்தம் மட்டும்: காரைச் சுவரில் திருகாணிக்காகத் துளைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் அடைப்பான் நிற்காது, காரை உதிர்ந்துவிடும். 9 அங்குலச் சுவராதலால் நீள போல்ட்டை மறுபக்கம்வரை ஊடுருவவிட்டு, வெளியே ஓர் இரும்புத் தகடு வைத்து நட்டால் முடுக்குங்கள். கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே யாராவது விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை விழுந்தவரே அடைத்துக்கொண்டிருப்பார். வெளியிலிருந்தும் நீக்கக்கூடிய தாழ்ப்பாளாகப் போடுங்கள்.

கிணற்றடி (கும்பகோணம்):

வேலை முடிந்து பத்து நாளாகிறது. தகவல் சொல்லாமல் விடக் கூடாது என்று எழுதுகிறேன். மேடையை உடைத்தபோது காரைவீடு ஐயா சொன்னபடியே பழைய வளைகுழாய் அடியில் இருந்தது. கரும்பழுப்பு நிறத்தில், பளபளப்பு மங்காமல், 1996-இல் கொத்தனார் அதன் வாயில் கமோடின் காலைச் சொருகிச் சுற்றிலும் வைத்த சிமெண்ட்டோடு அப்படியே வெளியே வந்தது. பிளம்பர் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் ஓரமாக வைத்தார்.

கமோடும் இருக்கையும் சேர்ந்து 9,000 ரூபாய்க்குள் முடிந்தது. கூலி, குழாய், டைல்ஸ், கைப்பிடி எல்லாம் சேர்த்தால் அதைப்போல மூன்று மடங்கு ஆயிற்று. கடையில் மூன்று கமோடுகளுக்கு நாடா பிடித்தேன். ஒன்றில் அட்டையில் 42 என்று போட்டிருந்தது, இருக்கையைச் சேர்க்காமலேயே. அதை வாங்கியிருந்தால் அம்மாவுக்கு இரண்டு செண்டிமீட்டர் கூடிப்போயிருக்கும். இப்போது இருக்கை சரியாகத் திண்ணையின் உயரம். ஃபிளஷ் ஒரே அழுத்தில் சுத்தமாக இறங்குகிறது. அம்மா கைப்பிடியைத் தொடுகிறார், ஆனால் அதில் தொங்குவதில்லை. முதல் நாள் வெளியே வந்து, "இதுக்கு எதுக்குடா இத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார்.

கதவை வெளிப்பக்கம் திருப்பியதில் ஒரு சிக்கல். முழுவதும் திறந்தால் கிணற்றடித் துணிக்கொடியின் கம்பத்தில் இடிக்கிறது. நாளை கொத்தனார் வந்து கம்பத்தை ஓர் அடி தள்ளி நடுவதாகச் சொல்லியிருக்கிறார்.